பெயிண்ட் நிற்காத டேஷ்போர்டு

கிளவ் பாக்ஸ் மூடியைப் பார்த்ததும் சுடுதண்ணிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நேற்றுச் சாயங்காலம் முதல் கோட் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனபோது அந்த மூடியில் ஒரு குறை சொல்ல முடியாது. இன்று காலையில் இரண்டாவது கோட்டை அடித்து, ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புகிறாள், மூடி முழுக்கச் சின்னச் சின்னக் குழி. அம்மை போட்ட முகம் மாதிரி. குழி விழுந்த இடத்திலெல்லாம் பெயிண்ட் ஒட்ட மாட்டேன் என்று சுற்றிலும் விலகி நின்றது.

முதல் தடவை என்றால் தன் கையைத்தான் சந்தேகப்பட்டிருப்பாள். ஆனால் போன வாரம் ஸ்டியரிங்குக்குக் கீழே வரும் உறை இப்படித்தான் கெட்டது. அதற்கு முன்னால் மீட்டரைச் சுற்றி வரும் சட்டம். ஒவ்வொன்றையும் மறுபடி தேய்த்து, கழுவி, காயவைத்து, அடியிலிருந்து ஆரம்பித்தாள். இதற்கு மேல் பொறுத்துப்போக அவள் ஒன்றும் சாமியாரில்லை. யாரோ கை வைக்கிறார்கள்.

சுடுதண்ணி என்பது பட்டறையில் வைத்த பேர். வைத்தவன் டிங்கர் வேலை பார்ப்பவன். வைத்த அன்றைக்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆனால் பேர் நின்றுவிட்டது, வீடு வரைக்கும் வந்தும் சேர்ந்துவிட்டது. பழைய கார்களின் உள்பக்கம்தான் அவளுக்குத் தொழில். வெயிலில் வெளிறிப்போன டேஷ்போர்டு, வெடித்த கதவுப் பலகை, தொட்டால் மாவாகக் கையில் ஒட்டுகிற பிளாஸ்டிக், எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவாள். பட்டறை முதலாளி சொந்தக்காரர் வேலையை உள்ளே விட மாட்டார். அதனால் இந்தக் காரை மட்டும் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டு ஷெட்டில் வைத்துச் செய்துகொண்டிருந்தாள்.

கார் அப்பாவுடையது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பாரோ இல்லையோ, டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டுத் தேய்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். அந்தப் பாலிஷில்தான் வினை. அதில் இருக்கிற சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டால் போதும், அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. துடைத்தாலும் போய்த் தொலையாது; துடைக்கத் துடைக்கப் பரவும். அத்தனை வருஷத்து எண்ணெயைக் கழுவி எடுப்பதற்குள் அவள் விரல் நகமெல்லாம் வெளுத்துவிட்டது. வேலையைத் தொடங்கிய அன்றைக்கே பாலிஷ் டப்பாவையும் அப்பாவின் மஞ்சள் துணியையும் டிரைவர் கதவுப் பையிலிருந்து எடுத்து, ஷெட் அலமாரியில் வைத்துவிட்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“இந்த டப்பாவை யாரும் தொடக் கூடாது! இதுல ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் நிக்காது. அப்புறம் என் வேலையைக் குத்தம் சொல்லாதீங்க!”

ஷெட்டை ஒட்டித்தான் அப்பாவின் அறை. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடப்பார். பேச்சு மொத்தமாகப் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. “சரி.” பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. வலிக்கிறதா, தூங்குகிறீர்களா, ஃபேனை நிறுத்தட்டுமா, எல்லாவற்றுக்கும் சரி. கேட்பதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழ்நாளில் யாருக்கும் எதற்கும் லேசில் சரி சொல்லாத மனுஷனுக்கு, போயும் போயும் இந்தச் சொல்லா மிஞ்ச வேண்டும்? நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும்போல் வரும். யாரை என்றுதான் தெரியவில்லை.

யாரை என்று தெரிந்தது சம்பந்தி வந்து போன பிறகு. அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகி, மாப்பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். பழைய கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. ஷெட்டில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஆஹா, இதெல்லாம் இப்ப கண்ணுலயே படறதில்லையே” என்றார். அவ்வளவுதான், அண்ணனுக்குத் தாராள மனசு பொங்கி வழிந்துவிட்டது. “உங்களுக்குத்தான் சம்பந்தி, எடுத்துக்கோங்க! உள்ளே மட்டும் கொஞ்சம் வெளிறிக் கிடக்கு. என் தங்கச்சி புதுசாட்டம் ஆக்கிக் குடுத்துடுவா.” அப்பாவின் காரை வாரிக் கொடுத்ததுமில்லாமல் அவள் உழைப்பையும் மேலே தூவிக் கொடுத்தான்.

விஷயம் தெரிந்ததும் அவள் வந்து ஆடித் தீர்த்துவிட்டாள்.

“அப்பாகிட்ட கேட்டியா?”

“கேட்காம இருப்பேனா? கேட்டேன். சரின்னுட்டார்.”

“சரின்னுட்டாரா! உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் சம்பந்திக்குக் குடுத்துட்டியா?”

“இப்ப அப்பாவுக்குக் கார் எதுக்கு, சொல்லு? ஓட்டப் போறாரா? ஷெட்ல கிடந்து துருப்பிடிக்கிறதுக்கு, நல்ல கைக்குப் போகட்டும். உனக்கு முடியலைன்னா விடு, வேற பட்டறையில குடுத்துக்கறேன். எல்லாத்தையும் பளபளன்னு கறுப்பா அடிச்சுத் தந்துடுவான்.”

அந்தக் கறுப்பில்தான் அவள் விழுந்தாள். அந்தக் காரின் உள்பக்கம் கறுப்பில்லை, நல்ல செங்கல் நிறம். மேலெல்லாம் வெளிறி ரோஸாகவும் வெள்ளையாகவும் போய்விட்டது. ஆனால் சிகரெட் சாம்பல் கிண்ணத்தைக் கழற்றினால் அதன் அடியில், வெயிலே படாத இடத்தில், பழைய நிறம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் பெயிண்ட் கலந்தாள். எவனோ ஒருவன் கறுப்படிப்பதற்குப் பதில் தன் கையே படட்டும் என்று ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட கோபம் வேறு தனியாகச் சேர்ந்துகொண்டது.

இத்தனை கோபத்துக்கும் நடுவில் இந்தக் குழி.

அண்ணிதான், வேறு யாராக இருக்க முடியும்? அண்ணிக்குத் துடைக்கிற வியாதி. ஈ உட்கார்ந்தால்கூட அதன் காலைத் துடைத்துவிட்டுத்தான் பறக்க விடுவாள். சுடுதண்ணி மூடியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள்.

“அண்ணி, உங்களுக்குக் கை அரிச்சா வீட்டுல துடைக்க வேற எதுவும் கிடைக்கலையா?”

அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சா? இதப் பாருங்க. பாலிஷ் போட்டுத் துடைச்சிருக்கீங்க. தொடாதீங்கன்னு அன்னைக்குத் தொண்டை கிழியக் கத்தினேனே, அது காதுல விழலையா?”

“நான் அந்த ஷெட்டுப் பக்கமே வர்றதில்ல. அந்த வாடையே எனக்கு ஆகாது.”

“பின்ன பேயா வந்து துடைச்சுது?”

அண்ணி குழாயை நிறுத்தினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பொதுவாக நாத்தனார் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகிறவள், அன்று ஒதுங்கவில்லை.

“இதோ பாரு. உங்க அப்பாவைக் குளிப்பாட்டுறவ நான். ராப்பகலா பீ மூத்திரம் அள்ளுறவ நான். இந்த வீட்டுல துடைக்க எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு, உன் கார் வேற எதுக்கு? அவரு காரைக் குடுக்கலாமான்னு கேட்டியா கேட்டியான்னு உங்க அண்ணனைப் பிடிச்சு உலுக்குறியே, நீ கேட்டியா? தினம் வர்ற. ஜன்னல் வழியா ‘என்னப்பா, சாப்டீங்களா’ன்னு ஒரு குரல் குடுக்குற, போயிடுற.”

“நான் கேட்டு என்ன ஆகப்போகுது? அதுக்கும் சரின்னுதான் சொல்வார்.”

“அதையேதான் உங்க அண்ணனும் சொன்னார்” என்றாள் அண்ணி, குழாயைத் திறந்துகொண்டே.

சுடுதண்ணிக்குக் கோபம் இரட்டிப்பானது. ஷெட்டுக்குத் திரும்பி வந்து மூடியை உப்புத்தாளால் தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் விரல் தோல் உரிந்தது. பிறகு ஏற்கெனவே சுத்தம் பண்ணி வைத்திருந்த ஸ்டியரிங் உறைக்கு முதல் கோட் அடித்து, சூடு காட்டி உலர்த்தி, பலகை மேல் வைத்தாள். பெயிண்டில் கலக்கிற தின்னர் தீர்ந்திருந்தது. கடைக்குக் கிளம்பியவள் தெருமுனை வரை போன பிறகுதான் பையை ஷெட்டிலேயே விட்டுவந்தது தெரிந்து, தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள்.

ஷெட்டுக்குள் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

பலகையில் இடுப்பைச் சாய்த்து, பாலிஷ் டப்பாவை வலது கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையிலிருந்த மஞ்சள் துணியால் ஸ்டியரிங் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெதுவாக, இடுக்கு விடாமல், விளிம்பெல்லாம் சுற்றி. நெற்றியில் வேர்வை. அறையிலிருந்து இங்கே வந்து சேரவே அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்!

பாவம், பழக்கதோஷம். கார் பாகத்தைக் கண்டால் கை தானாகத் துடைக்கிறது. பேச்சு போனாலும் கை மறக்கவில்லை. அண்ணியைத் திட்டியதை நினைத்துக் காது சுட்டது.

“அப்பா, குடுங்கப்பா. இதைத் துடைக்கக் கூடாது” என்று துணியைப் பிடித்தாள்.

அப்பா விடவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். சவாரி பேசியதற்கு மேல் சுற்ற வைத்துவிட்டு வாடகையில் குறைக்கப் பார்க்கிறவர்களை அவர் அப்படித்தான் பார்ப்பார். பாவம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அவள் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் சாய்த்து வைத்த பெரிய டேஷ்போர்டு, கதவுப் பலகைகள், பின் சீட்டுப் பக்கத்துத் துண்டுகள், எதற்கும் அவள் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. எல்லாவற்றின் மேலும் தூசி படிந்திருந்தது. ஒன்றில்கூடத் துணி பட்ட தடம் இல்லை. வெறும் பழக்கம் என்றால் முதலில் டேஷ்போர்டைத்தானே துடைத்திருக்க வேண்டும்? அவர் தொட்டதெல்லாம் அவள் பெயிண்ட் அடித்ததை மட்டும்தான். ஒரு சொட்டு பட்டாலும் நிக்காது என்று அவள்தானே ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்!

“தெரிஞ்சேதான் பண்றீங்களா?”

“சரி” என்றார் அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி துடைத்தார். “சரி. சரி. சரி.” ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு சரி. கழுத்து நரம்பு புடைத்தது. வேண்டாம் என்று சொல்ல வராத நாக்கை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் இத்தனை நாளாக வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார், அவள் அண்ணியைத் திட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

சத்தம் கேட்டு அண்ணி வந்து வாசலில் நின்றாள். சுடுதண்ணி அவளைப் பார்க்கவில்லை. அப்பா எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எப்படிக் கேட்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்பா, வாயால சொல்ல வேணாம். காரை அவங்களுக்குக் குடுக்கலாம்னா இந்தத் துணியை என் கையில குடுங்க. குடுக்க வேணாம்னா நீங்களே வச்சுக்கோங்க.”

கையை நீட்டினாள். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மஞ்சள் துணியை மடித்து, சட்டைக்குள்ளே நெஞ்சுப் பக்கம் திணித்து, அதன் மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“சரி” என்றார்.

எவ்வளவு சுலபம்! இதைக் கேட்கப் படிப்பு வேண்டுமா, மந்திரம் வேண்டுமா? ஒரு ஸ்டூல் போதும். அண்ணன் கேட்கவில்லை என்று ஊரைக் கூட்டியவளுக்கு அந்த ஸ்டூலை இழுத்துப் போட இத்தனை நாள் தோன்றவில்லை. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அண்ணி” என்றாள், திரும்பாமல். “காலையில சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க.”

“வச்சுக்காம? நல்லா வச்சுப்பேன்” என்றாள் அண்ணி. ஆனால் அப்பாவின் தோளைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போக அவள்தான் முதலில் வந்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் நடந்ததைச் சொன்னார்கள். அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“அதெல்லாம் பழக்கதோஷம். நீ உன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கற. ஞாயித்துக்கிழமை சம்பந்தி வர்றார், வாக்குக் குடுத்தாச்சு. அதுவரைக்கும் அப்பா ரூம் கதவை வெளியே தாழ் போட்டு வச்சா போச்சு.”

சுடுதண்ணி எழுந்தாள். கத்துவாள் என்று அண்ணன் காதைத் தயார் பண்ணிக்கொண்டான். அவள் கத்தவில்லை. ஷெட்டுக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, அப்பாவின் அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைக் கழற்றினாள். கழற்றிய தாழ்ப்பாளையும் ஸ்க்ரூக்களையும் கொண்டுவந்து அண்ணனின் சாப்பாட்டுத் தட்டில் போட்டாள். குழம்பு அவன் சட்டையில் தெறித்தது.

“தாழ் போடுவியாம்ல. போடு, பாக்கலாம்.”

மறுநாளிலிருந்து அவள் பெயிண்ட் கன்னைத் தொடவில்லை. குழி விழுந்த உறையையும், தேய்த்துப் பாதியில் விட்ட மூடியையும், தூசி படிந்த டேஷ்போர்டையும் இருந்தது இருந்தபடியே காரில் திருப்பி மாட்டினாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு கேவலமான வேலையைத் தன் கையால் விட்டதில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் திருகும்போது உடம்பு கூசியது. ஆனாலும் திருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் சாவியை அவர் கையில் கொடுத்து, ஷெட்டுக்குக் கூட்டிவந்து, கார் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே எட்டிப் பார்த்த சம்பந்தியின் முகம் சுருங்கியது. அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“என்னங்க இது, பெயிண்ட் இப்படிக் கெட்டுப் போயிருக்கு?”

“பாலிஷ் பட்டிருக்கு” என்றாள் சுடுதண்ணி. “எங்க அப்பா போட்டது.”

அப்பா ஷெட் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி காலையிலேயே குளிப்பாட்டி, சவரம் பண்ணி, சலவைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். சட்டைக்கு மேலே மஞ்சள் துணியின் முனை எட்டிப் பார்த்தது.

“வயசானவர், பழக்கம் விடலை சம்பந்தி” என்று அண்ணன் அவசரமாக ஆரம்பித்தான். “அதெல்லாம் வேற இடத்துல குடுத்து…”

அப்போது அண்ணி பேசினாள். சம்பந்தி முன்னால் அவள் வாயைத் திறந்ததே அதுதான் முதல் தடவை.

“கார் மாமாவோடது. கொண்டுபோறதுக்கு முன்னாடி நீங்களே அவரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க.”

சம்பந்தி யோசித்தார். நல்ல மனுஷன். அப்பா எதிரில் போய்க் குனிந்து, மரியாதையாகக் கேட்டார்.

“ஐயா, கார் உங்ககிட்டயே இருக்கட்டுமா?”

“சரி” என்றார் அப்பா.

அண்ணன் பலமாகச் சிரித்தான். “ஐயோ சம்பந்தி, அதையெல்லாம் கணக்குல எடுத்துக்காதீங்க! நீங்க என்ன கேட்டாலும் அவர் சரின்னுதான் சொல்வார். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சுடுதண்ணி வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுக்கும் இப்போது வேலை இல்லை.

“அப்போ” என்றார் சம்பந்தி, மெதுவாக, “எனக்குக் குடுக்க ஐயா சரின்னார்னு அன்னைக்குச் சொன்னீங்களே…”

அண்ணன் காரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அப்பாவை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்விட்டான். சம்பந்தி சாவியை அப்பாவின் இடது கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். காப்பி சாப்பிட்டுப் போகச் சொன்னாள் அண்ணி. அவர் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

சுடுதண்ணி ஸ்டூலை இழுத்து அப்பா எதிரில் போட்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்குகிற கோபமும் இல்லை அது. திறந்திருந்த கார் கதவு வழியாக அந்த அசிங்கம் பிடித்த மூடி அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

“அப்பா, இதை மறுபடி அடிக்கட்டுமா? உங்களுக்காக, யாருக்கும் குடுக்கறதுக்கு இல்ல. அடிக்கணும்னா துணியைக் குடுங்க. வேணாம்னா வச்சுக்கோங்க.”

கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சாவியை மடியில் வைத்தார். இடது கையைச் சட்டைக்குள் விட்டு, துணியை உருவ முடியாமல் தடுமாறினார். அவள் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் துணி வெளியே வந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்து, எழுந்துவிடாதே என்பது போலத் தன் கையையும் அதன் மேல் வைத்து அழுத்தினார்.

“முன்னாடியே கேட்டுத் தொலைச்சிருக்கணும்” என்றாள் அவள்.

“சரி” என்றார் அப்பா.